பிரிண்டர் ‘ஆஃப்லைன்’ என்றால் முதலில் எதைப் பார்ப்பது?

(நமது குடியிருப்போர் நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு இடையே ஃபைல், பிரிண்டர் பகிர்ந்துகொள்வது பற்றி உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

தண்ணீர் தொட்டி, லிஃப்ட், பராமரிப்புக் கட்டணம் என்று முக்கியமான விஷயங்களை எல்லாம் பேசி முடித்த பிறகு எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். டீ வருவதற்குள் முடித்துவிடுகிறேன்.

நம் குடியிருப்பில் பாதி வீட்டிலாவது இரண்டு கம்ப்யூட்டர் இருக்கும். ஹாலில் ஒரு பழைய டெஸ்க்டாப், பிள்ளைகளிடம் ஒரு லேப்டாப், ஒரு பிரிண்டர். பொதிகை எக்ஸ்பிரஸ் டிக்கெட், பள்ளிக்கூட ப்ராஜெக்ட், பட்டா நகல், வில்லங்கச் சான்று என்று ஏதாவது ஒன்றைப் பிரிண்ட் எடுக்க வேண்டியிருக்கிறது. லேப்டாப்பில் பிரிண்ட் கொடுத்தால் ‘ஆஃப்லைன்’ என்கிறது. நேற்று வரை வேலை செய்தது. கடைசியில் பென் டிரைவை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போகிறோம்.

போவதில் தவறில்லை. ஆனால் அந்தப் பென் டிரைவில் ஆதார் நகலும் பத்திர நகலும் கூடவே போகின்றன. அதனால் வீட்டிலேயே சரிசெய்யத் தெரிந்துகொள்வது நல்லது. அதைவிட முக்கியம், தவறான முறையில் சரிசெய்யாமல் இருப்பது. நான் சொல்ல வந்தது இந்த இரண்டாவதைத்தான். முதலில் சரிசெய்யும் வழியைப் பார்ப்போம்.

நான்கு கேள்விகள்

ஒருவர் வீட்டுக்குப் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் வீட்டில் இருக்கிறாரா, சரியான தெருவுக்குத்தான் வந்திருக்கிறோமா, கதவு எண் சரியா, உள்ளே விடுவார்களா. இந்த நான்கும் சரியாக இருந்தால்தான் காரியம் நடக்கும். நெட்வொர்க்கிலும் இதே நான்குதான். இதே வரிசையில் பார்க்க வேண்டும். முதல் கேள்விக்கு விடை தெரியாமல் நான்காவதில் கை வைத்தால் நன்றாக இருந்ததும் கெட்டுப்போகும்.

முதல் கேள்வி: ஆள் விழித்திருக்கிறாரா?

பிரிண்டர் யுஎஸ்பி கேபிள் வழியாக டெஸ்க்டாப்பில் மாட்டியிருந்தால், அந்த டெஸ்க்டாப்தான் மற்ற எல்லோருக்கும் வேலைக்காரர். அது அணைந்திருந்தாலோ, ‘ஸ்லீப்’ நிலைக்குப் போயிருந்தாலோ, லேப்டாப்புக்கு அந்தப் பிரிண்டர் உலகத்திலேயே இல்லை. பிரிண்டரில் பச்சை விளக்கு எரிவதைப் பார்த்து ஏமாற வேண்டாம். டெஸ்க்டாப்பைத் தட்டி எழுப்பிவிட்டு மறுபடி முயலுங்கள். அடிக்கடி இப்படி நடந்தால் பவர் செட்டிங்ஸில் ஸ்லீப் நேரத்தைக் கூட்டிவையுங்கள்.

பிரிண்டரிலேயே வைஃபை வசதி இருந்தால், கேபிளை விட்டுவிட்டு நேராக வைஃபையில் இணைப்பதே நல்லது. நடுவில் ஒரு கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஒரே ஒரு கவனம்: வீட்டுப் பிரிண்டர்களில் பல 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே பிடிக்கும். ரௌட்டரில் 5 ஜிகாஹெர்ட்ஸ் மட்டும் போட்டிருந்தால் அவற்றின் கண்ணுக்கு நம் வைஃபை தெரியாது.

இரண்டாவது கேள்வி: இரண்டும் ஒரே தெருவில் இருக்கின்றனவா?

அபார்ட்மெண்டில் அடிக்கடி வருகிற சிக்கல் இதுதான். ஃபைபர் இணைப்புக் கொடுத்தவர் ஒரு பெட்டியை மாட்டிவிட்டுப் போயிருப்பார். படுக்கையறையில் சிக்னல் வரவில்லை என்று நாம் இன்னொரு ரௌட்டர் வாங்கி மாட்டியிருப்போம். இரண்டும் தனித்தனி நெட்வொர்க் ஆகிவிடும். டெஸ்க்டாப் ஒன்றில், லேப்டாப் இன்னொன்றில். இரண்டிலும் யூடியூப் ஓடும். ஆனால் ஒன்றை ஒன்று பார்க்காது.

சோதிக்க வழி எளிது. இரண்டு கம்ப்யூட்டரிலும் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், இணைப்பின் விவரத்தில் ‘ஐபிவி4 அட்ரஸ்’ என்று இருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 192.168.1.5, மற்றதில் 192.168.1.9 என்றிருந்தால் ஒரே தெரு. ஒன்றில் 192.168.1.5, இன்னொன்றில் 192.168.0.7 என்றிருந்தால் வேறு வேறு தெரு. வீட்டு ரௌட்டர்களில் பொதுவாக முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டாவது ரௌட்டரை ‘அக்சஸ் பாயிண்ட்’ முறைக்கு மாற்றினால் எல்லாம் ஒரே தெருவாகிவிடும். எண் 169.254 என்று தொடங்கினால், அந்தக் கம்ப்யூட்டருக்கு ரௌட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை என்று அர்த்தம். ரௌட்டரை அணைத்துப் போட்டு மறுபடி பாருங்கள்.

இன்னும் இரண்டு சின்னக் காரணங்கள் உண்டு. ஒன்று, லேப்டாப் தவறுதலாக ‘கெஸ்ட்’ வைஃபையில் சேர்ந்திருக்கலாம். கெஸ்ட் வைஃபை வீட்டுக்குள் இருக்கிற மற்ற கருவிகளைக் காட்டாது, அதன் வேலையே அதுதான். இரண்டு, அலுவலக லேப்டாப். மத்தளம்பாறை ஸோஹோவிலோ, வீட்டிலிருந்தபடி சென்னை, பெங்களூர் கம்பெனிகளுக்கோ வேலை பார்க்கிற பிள்ளைகள் நம்மிடையே இருக்கலாம். அலுவலக விபிஎன் போட்டிருக்கும்போது வீட்டுப் பிரிண்டர் மறைந்துபோவது சகஜம். கம்பெனி லேப்டாப்பில் செட்டிங்ஸை மாற்றப் போகாதீர்கள். ஃபைலைச் சொந்தக் கம்ப்யூட்டரில் வைத்துப் பிரிண்ட் எடுக்கலாமா என்பதையும் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கேள்வி: கதவு எண் மாறிவிட்டதா?

இது நம் ஊர்க்காரர்களுக்கு முக்கியமான கேள்வி. சாரல் காலத்துக் காற்றிலும் ஐப்பசி இடிமழையிலும் கரண்ட் போய்ப்போய் வரும். ஒவ்வொரு முறை வரும்போதும் ரௌட்டர் புதிதாக எழுந்து, கருவிகளுக்கு முகவரி எண்ணைப் பங்கிட்டுக் கொடுக்கும். நேற்று 192.168.1.6 ஆக இருந்த பிரிண்டர் இன்று 192.168.1.11 ஆகியிருக்கும். லேப்டாப் பழைய எண்ணிலேயே போய்க் கதவைத் தட்டும். அங்கே ஆளில்லை. உடனே ‘ஆஃப்லைன்’.

சோதனை: பிரிண்டரின் சிறிய திரையிலோ, அது அச்சடித்துத் தரும் நெட்வொர்க் விவரத் தாளிலோ அதன் இன்றைய எண் இருக்கும். அந்த எண்ணை லேப்டாப்பில் ப்ரவுசரின் முகவரிப் பட்டையில் அடியுங்கள். பெரும்பாலான வைஃபை பிரிண்டர்களில் ஒரு பக்கம் திறக்கும். திறந்தால் பிரிண்டர் உயிரோடு இருக்கிறது, நெட்வொர்க்கும் சரி. லேப்டாப்பில் பதிந்திருக்கிற பழைய முகவரிதான் தவறு. பிரிண்டரை நீக்கிவிட்டு இந்த எண்ணைக் கொடுத்து மறுபடி சேருங்கள்.

நிரந்தரத் தீர்வு: ரௌட்டரின் செட்டிங்ஸில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ என்று ஒன்று இருக்கும். பிரிண்டருக்கு ஒன்று, டெஸ்க்டாப்புக்கு ஒன்று என்று எண்ணை நிலையாக ஒதுக்கிவிடுங்கள். அதன்பின் கரண்ட் எத்தனை முறை போனாலும் கதவு எண் மாறாது. பத்து நிமிட வேலை. பல நாள் தலைவலி போய்விடும்.

ஃபைல் பகிர்வுக்கும் இதே கதைதான். ‘நெட்வொர்க்’ ஃபோல்டரில் மற்றக் கம்ப்யூட்டரின் பெயர் தெரியவில்லை என்று பலரும் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். பெயர் தெரியாவிட்டாலும் வழி திறந்திருக்கலாம். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்கோடு போட்டு, இடைவெளி இல்லாமல் எண்ணை அடியுங்கள்: \\192.168.1.5 என்பது போல. திறந்தால் கோளாறு பெயரில் மட்டும்தான். அந்த ஃபோல்டரை ஒரு டிரைவாக ‘மேப்’ செய்துகொண்டால் தினமும் தேட வேண்டாம்.

நான்காவது கேள்வி: உள்ளே விட அனுமதி உண்டா?

இங்கே இரண்டு படி இருக்கிறது. முதல் படி, டெஸ்க்டாப்பின் நெட்வொர்க் ‘ப்ரைவேட்’ என்று இருக்க வேண்டும். புதிய வைஃபையில் சேரும்போது விண்டோஸ் பெரும்பாலும் அதைப் ‘பப்ளிக்’ என்றே எடுத்துக்கொள்ளும். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பதுபோல எல்லோரிடமிருந்தும் ஒதுங்கியிருக்கும். நம் சொந்த வைஃபை என்றால் ப்ரைவேட் என்று மாற்றி, ‘நெட்வொர்க் டிஸ்கவரி’, ‘ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்’ இரண்டையும் ப்ரைவேட் பகுதியில் மட்டும் ஆன் செய்யுங்கள். இதைச் செய்தாலே ஃபயர்வால் தேவையான வழியைத் தானாகத் திறந்துவிடும். ஃபயர்வாலை அணைக்கத் தேவையே இல்லை.

இரண்டாவது படி, பெயரும் பாஸ்வேர்டும். ‘பாஸ்வேர்டு சரியாகத்தான் போடுகிறேன், மறுபடி மறுபடி கேட்கிறது’ என்று பல அண்ணாச்சிமார் சொல்லியிருக்கிறார்கள். காரணம், அவர்கள் போடுவது நான்கு இலக்கப் பின் நம்பர். பின் நம்பர் அந்தக் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து திறக்க மட்டும்தான். நெட்வொர்க் வழியாகச் செல்லாது. கேட்பது அந்த டெஸ்க்டாப்பில் இருக்கிற கணக்கின் பெயரும், அதன் முழு பாஸ்வேர்டும்.

நான் சொல்கிற எளிய வழி: டெஸ்க்டாப்பில் பகிர்வுக்கென்றே தனியாக ஒரு சாதாரணக் கணக்கு தொடங்குங்கள். அட்மின் அதிகாரம் வேண்டாம். அதற்கு ஒரு நல்ல பாஸ்வேர்டு. பகிர வேண்டிய ஒரே ஒரு ஃபோல்டரில் அந்தக் கணக்குக்கு மட்டும் அனுமதி. ஃபோல்டர் அனுமதி இரண்டு இடத்தில் இருக்கும், ‘ஷேரிங்’ பக்கத்திலும் ‘செக்யூரிட்டி’ பக்கத்திலும். இரண்டில் எது கறாராக இருக்கிறதோ அதுதான் செல்லும். ஒன்றில் எழுதலாம் என்றும், மற்றதில் படிக்கலாம் என்றும் இருந்தால், படிக்க மட்டுமே முடியும். பாஸ்வேர்டை மாற்றியிருந்தால், லேப்டாப்பின் ‘க்ரெடென்ஷியல் மேனேஜர்’ பகுதியில் சேமித்திருக்கிற பழையதை அழித்துவிடுங்கள்.

இந்த நான்கும் சரியாக இருந்தும் பிரிண்டர் அசையாவிட்டால், பெரும்பாலும் வரிசையில் பாதியில் நின்றுபோன ஏதோ ஒரு தாள் வழியை மறித்துக்கொண்டிருக்கும். விண்டோஸில் ‘சர்வீசஸ்’ திறந்து ‘பிரிண்ட் ஸ்பூலர்’ என்பதை நிறுத்துங்கள். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று ஒன்றுக்குள் ஒன்றாகப் போய், அந்தக் கடைசி ஃபோல்டருக்குள் இருப்பதை மட்டும் அழியுங்கள். ஃபோல்டரை அழிக்க வேண்டாம். பிறகு ஸ்பூலரை மறுபடி தொடங்குங்கள்.

பூட்டை உடைத்து வீட்டைத் திறக்க வேண்டாம்

இனி நான் முக்கியம் என்று சொன்ன இடத்துக்கு வருகிறேன். இணையத்தில் தேடினால், யாரோ ஒருவர் நான்கு கேள்வியையும் விட்டுவிட்டு ஒரே போடாகச் சொல்வார்: ஃபயர்வாலை ஆஃப் செய், பாஸ்வேர்டு பாதுகாப்பை ஆஃப் செய், ஃபோல்டரில் ‘எவ்ரிஒன்’ என்று போட்டு முழு அனுமதி கொடு, ‘எஸ்எம்பி 1’ என்பதை ஆன் செய். செய்தால் வேலையும் நடக்கும். கதவைக் கழற்றி வைத்துவிட்டால் சாவி தேட வேண்டியதில்லைதானே!

எஸ்எம்பி என்பது விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் ஃபைலையும் பிரிண்டரையும் பகிர்ந்துகொள்ளப் பேசுகிற மொழி. அதன் மூலம் 1980-களில் ஐபிஎம் நிறுவனத்தில் உருவானது. அதன் பழைய வடிவம்தான் எஸ்எம்பி 1. கம்ப்யூட்டர்கள் நாலு சுவருக்குள் மட்டும் பேசிக்கொண்டிருந்த காலத்தின் மொழி அது.

2017 மே 12, வெள்ளிக்கிழமை. ‘வான்னாக்ரை’ என்ற ரான்சம்வேர் உலகம் முழுக்கப் பரவியது. 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள். பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. அது நுழைந்தது இந்த எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டை வழியாக. யாரும் எந்த லிங்க்கையும் அழுத்த வேண்டியதில்லை. ஒரு கம்ப்யூட்டரில் புகுந்தால் அதே நெட்வொர்க்கில் இருக்கிற மற்றவற்றுக்குத் தானாகத் தாவும். ஃபைல்களை எல்லாம் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் பிட்காயின் கேட்கும்.

எங்கோ லண்டனில் நடந்தது என்று நினைக்க வேண்டாம். மே 15, திங்கட்கிழமை, கேரளத்தில் வயநாடு மாவட்டத்துத் தரியோடு பஞ்சாயத்து அலுவலகத்திலும், பத்தனம்திட்டா மாவட்டத்து அருவாப்புலம் பஞ்சாயத்து அலுவலகத்திலும் கம்ப்யூட்டர்கள் இதில் மாட்டியதாகச் செய்தி வந்தது. அருவாப்புலம் எங்கே இருக்கிறது? செங்கோட்டை தாண்டி, மலை இறங்கி, புனலூர், பத்தனாபுரம் வழியே போனால் கோன்னி, அதன் பக்கத்தில். நம் மலைக்கு அந்தப் பக்கம். பணக்காரக் கம்பெனி இல்லை, ஒரு கிராமப் பஞ்சாயத்து ஆபீஸ். நம் சங்க ஆபீஸ் மாதிரி.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த ஓட்டையை அடைக்கிற அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதம் அவகாசம் இருந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல் எஸ்எம்பி 1 இயல்பாகவே ஒதுக்கி வைக்கப்பட்டது. ஆகவே, பழைய பிரிண்டருக்காகவோ பழைய ஹார்ட் டிஸ்க் பெட்டிக்காகவோ அதை நாமே ஆன் செய்வது, அடைத்த ஓட்டையை நம் கையாலேயே தோண்டுவது. பழைய மெஷின் ஸ்கேன் செய்து ஃபோல்டரில் போட எஸ்எம்பி 1 கேட்டால், பென் டிரைவில் ஸ்கேன் செய்யுங்கள்.

சில நேரம் பாதுகாப்பு அப்டேட்டே பிரிண்டரை நிறுத்திவிடுவதும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. 2021 ஜூலையில் ‘பிரிண்ட்நைட்மேர்’ என்று ஸ்பூலரில் ஒரு பெரிய ஓட்டை வெளிவந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் அப்டேட்டுக்குப் பிறகு, பகிர்ந்த பிரிண்டரில் ‘11பி’ என்று முடியும் பிழை எண் பல இடங்களில் வந்தது. ரெஜிஸ்ட்ரியில் ஒரு எண்ணை மாற்றினால் போதும் என்று சொன்னார்கள். அது அந்தப் பாதுகாப்பையே அணைப்பது. சரியான வழி, இரண்டு கம்ப்யூட்டரையும் முழுதாக அப்டேட் செய்வது, பிரிண்டர் டிரைவரைப் புதிதாகப் போடுவது. முடியாவிட்டால் பிரிண்டரை வைஃபையில் நேராக இணைப்பது. அதேபோல, விண்டோஸ் 11-இன் ‘24ஹெச்2’ ப்ரோ பதிப்பு, பாஸ்வேர்டு இல்லாத பகிர்வை ஏற்காது. ரௌட்டரில் பென் டிரைவ் சொருகிப் படம் பார்த்தவர்களுக்கு அது திடீரென்று நின்றிருக்கும். அங்கே பாஸ்வேர்டு வைப்பதுதான் வழி.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. நீட்டிப்புத் திட்டத்தில் சேராத கம்ப்யூட்டர் பகிர்வில் இருந்தால் அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

நம் குடியிருப்புக்கு மூன்று வேண்டுகோள்

முதலாவது, சங்க ஆபீஸ் கம்ப்யூட்டர். வாடகைக்கு வருகிறவர்களிடம் ஆதார் நகல், போட்டோ, போன் நம்பர் எல்லாம் வாங்கி ஸ்கேன் செய்து வைக்கிறோம். அந்த ஃபோல்டர் பகிர்வில் இருக்கவே கூடாது. பராமரிப்புக் கணக்கைச் செயலாளரும் பொருளாளரும் பார்க்க வேண்டும் என்றால் அந்த ஒரு ஃபோல்டர் மட்டும், அந்த இருவருக்கு மட்டும். முழு டிரைவையும் பகிர வேண்டாம். நம்மை நம்பி ஒருவர் கொடுத்த தாள் அது. நம் வீட்டுப் பிரிண்டர் ஓடவில்லை என்றால் நமக்கு மட்டும் சிரமம்; அந்த ஃபோல்டர் வெளியே போனால் அத்தனை குடும்பத்துக்கும் சிரமம்.

இரண்டாவது, சீசன் விருந்தாளிகள். ஐந்தருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்தால் எந்த ஊரிலிருந்தெல்லாம் சொந்தக்காரர்கள் வருவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். வந்ததும் குளிக்கக் கேட்பது துண்டு, குளித்துவிட்டு வந்து கேட்பது வைஃபை பாஸ்வேர்டு. தாராளமாகக் கொடுங்கள், ஆனால் கெஸ்ட் வைஃபையின் பாஸ்வேர்டைக் கொடுங்கள். எல்லா விருந்தாளியின் போனும் நம் டெஸ்க்டாப் இருக்கிற தெருவுக்குள் வரத் தேவையில்லை. இரண்டு வீடு சேர்ந்து ஒரே இணைப்பு வைத்திருப்பவர்களும் இதையே செய்யுங்கள். இல்லாவிட்டால் உங்கள் வங்கி ஸ்டேட்மெண்ட் எதிர்வீட்டுப் பிரிண்டரில் வந்து விழும். ரௌட்டரோடு வந்த அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.

மூன்றாவது, பகிர்வு வேறு, காப்பு நகல் வேறு. டெஸ்க்டாப்பில் இருக்கிற கல்யாண ஆல்பம் லேப்டாப்பிலும் தெரிகிறது என்பதால் இரண்டு பிரதி இருப்பதாக நினைக்காதீர்கள். இருப்பது ஒன்றுதான், அதற்கு இரண்டு ஜன்னல். ரான்சம்வேர் வந்தால் மேப் செய்த டிரைவையும் சேர்த்துப் பூட்டிவிடும். வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் மாதம் ஒரு முறை நகல் எடுத்து, எடுத்து முடித்ததும் கேபிளைக் கழற்றிப் பீரோவில் வையுங்கள். இடி மின்னலுக்கும் அதுவே பாதுகாப்பு.

கடைசியாக ஒன்று. ஒரு வெள்ளைத் தாளில் நான்கு வரி எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள்: ரௌட்டரின் எண், டெஸ்க்டாப்பின் எண், பிரிண்டரின் எண், பகிர்வுக் கணக்கின் பெயர். பாஸ்வேர்டை அதில் எழுத வேண்டாம். அடுத்த முறை ‘ஆஃப்லைன்’ என்று வந்தால் அந்தத் தாளை வைத்துக்கொண்டு நான்கு கேள்வியையும் வரிசையாகக் கேளுங்கள். அதிலும் தீராவிட்டால், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் நான் இந்த ஹாலில்தான் இருப்பேன். பிழை எண்ணைப் போட்டோ எடுத்து வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.

டீ வந்துவிட்டது.